படித்தது கணக்கில் வருமா?

என் அக்கா மகள் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் மட்டும் ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். வந்து பத்து நாள் இருக்கும், போன் செய்தாள்.

"மாமா, எனக்கு அஞ்சு பேப்பர் அரியர்னு போட்டிருக்காங்க."

எனக்குப் புரியவில்லை. அரியர் வைக்கிற பிள்ளை இல்லை அவள். அங்கே எழுதிய எல்லாத் தேர்விலும் பாஸ், மார்க் ஷீட்டும் கையில் இருக்கு. விசாரித்தால் விஷயம் இதுதான்: அங்கே படித்த பாடங்களின் பெயர், இங்கே சிலபஸில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகவில்லை. போகும்போது "எல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிய துறைத்தலைவர் இப்போது அந்தப் பதவியில் இல்லை. தேர்வுப் பிரிவில் கேட்டால், "நாங்க அனுப்பலம்மா, டிபார்ட்மெண்ட்தான் அனுப்புச்சு" என்கிறார்கள். ரெண்டு மாசம் அலைந்த பிறகு இரண்டு பேப்பரை ஏற்றுக்கொண்டார்கள். மீதி மூன்றையும் அவள் மறுபடி உட்கார்ந்து எழுதினாள். அதில் ஒன்று, அங்கே அவள் மிக நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம்.

இது நம்ம ஊர் அலுவலகப் பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, கொஞ்ச காலம் வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வரும் இந்த ஏற்பாடு எப்போது, எப்படித் தொடங்கியது என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்த வரலாற்றில் கப்பல், விமானம், மொழி, உதவித்தொகை எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கதையை முடிவு செய்தது "அங்கே படித்தது இங்கே கணக்கில் வருமா?" என்ற ஒரே கேள்விதான். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

கடன்காரன் ஊர்க்காரன்

படிப்பதற்காக ஊர் விட்டு ஊர் போவது புதிதில்லை. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனா நகரத்துக்குச் சட்டம் படிக்க ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான ஆபத்து இருந்தது. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் உள்ளூர் வியாபாரியிடம் கடன் வாங்கிவிட்டுத் திரும்பித் தராமல் போயிருந்தால், அந்தக் கடனுக்கு உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் அந்த ஆளை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஒரே ஊர், அது போதும்.

பேரரசர் முதலாம் பிரெடரிக் (பார்பரோசா) அந்த நூற்றாண்டின் நடுவில் பிறப்பித்த 'ஹபிதா' என்ற ஆணை இதைத் தடுத்தது. படிக்கப் பயணம் செய்பவர்களுக்கு வழிப்பாதுகாப்பு உண்டு, அடுத்தவர் கடனுக்கு அவர்களைப் பிடிக்கக் கூடாது, அவர்கள் மேல் வழக்கு என்றால் தங்கள் ஆசிரியர் முன்போ ஆயர் முன்போ விசாரிக்கும்படி கேட்கலாம் என்றது அந்த ஆணை. வெளியூர் மாணவன் என்ற மனிதனைச் சட்டம் முதன்முதலாகக் கவனித்த இடங்களில் ஒன்று அது.

ஆளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. படிப்புக்கு? 1233இல் போப் ஒன்பதாம் கிரெகரி, துலூஸ் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சலுகை கொடுத்தார்: அங்கே தேர்ச்சி பெற்ற ஆசிரியர் வேறு எங்கே போனாலும் மறுதேர்வு இல்லாமல் கற்பிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் பாரிஸ் போன்ற பழைய பெரிய இடங்களுக்கு அது பிடிக்கவில்லை. பாரிஸின் சொந்த விதிகளை இந்தச் சலுகை மாற்றாது என்று போப்பே அடுத்த ஆண்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 'உன் ஊரில் நீ பாஸ் பண்ணியிருக்கலாம், எங்களுக்கு அது தெரியாது' என்ற பேச்சுக்குக் கிட்டத்தட்ட எண்ணூறு வயது.

எட்டுப் பேரும் ஒரு கப்பலும்

அங்கிருந்து ஒரே தாவாக 20ஆம் நூற்றாண்டுக்கு வருகிறேன். ஏனென்றால் நாம் இன்று சொல்லும் பொருளில், அதாவது சொந்தக் கல்லூரியில் பட்டப்படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இடையில் கொஞ்ச காலம் வெளிநாட்டில் படித்துவிட்டு, அதே கல்லூரிக்குத் திரும்பி, அதே பட்டத்தை வாங்குவது என்ற ஏற்பாடு, அமெரிக்காவின் சிறிய மாநிலங்களில் ஒன்றான டெலவேரில்தான் முதலில் ஒரு ஒழுங்கான திட்டமானது.

ரேமண்ட் கிர்க்பிரைட் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மொழிகள் சொல்லிக்கொடுத்த இளம் பேராசிரியர். முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றிவிட்டு வந்தவர். மாணவர்களை மூன்றாம் வருடம் முழுவதும் பிரான்சுக்கு அனுப்பிவிடலாம் என்று அவர் பல்கலைக்கழகத் தலைவர் வால்டர் ஹல்லிஹனிடம் சொன்னார். ஹல்லிஹனுக்கு யோசனை பிடித்தது. அரசுப் பணம் கிடைக்கவில்லை. தொழிலதிபர் பியர் டு பாண்ட் போன்ற தனியாரின் ஆதரவைத் திரட்டினார்கள். அப்போது வணிகத் துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரும் திட்டத்தை ஆதரித்தார்.

1923 ஜூலை 7 அன்று, 'ரோஷாம்போ' என்ற கப்பலில் எட்டு மாணவர்கள் நியூயார்க்கிலிருந்து கிளம்பினார்கள். முதலில் நான்சி நகரத்தில் ஆறு வாரம் பிரெஞ்சு மொழிப் பயிற்சி. பிறகு பாரிஸில், சோர்போனில் படிப்பு. விடுதியில் எல்லோரும் ஒன்றாகத் தங்கி ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்று பிரெஞ்சுக் குடும்பங்களோடு தங்கவைத்தார்கள்.

இதில் முக்கியமான விஷயம் கப்பலோ பாரிஸோ இல்லை. ஐரோப்பாவுக்குப் போய் வரும் அமெரிக்கப் பணக்காரப் பிள்ளைகள் அதற்கு முன்பும் நிறைய இருந்தார்கள். ஓவியம் பார்ப்பார்கள், நாலு வார்த்தை பிரெஞ்சு கற்பார்கள், திரும்பி வருவார்கள். படிப்பு அதுவரை காத்திருக்கும், அவ்வளவுதான். டெலவேர் சொன்னது வேறு: பாரிஸில் கழியும் அந்த வருடம், நான்கு வருடப் பட்டத்தில் ஒரு வருடமாகவே கணக்கில் சேரும். ஐந்தாவது வருடம் தேவையில்லை. கூடவே போன பேராசிரியரின் மேற்பார்வை, தனியே அமர்த்திய பிரெஞ்சு ஆசிரியர்கள், தேர்வுகள் எல்லாம் அதற்காகத்தான். ஊரில் இருக்கும் கல்லூரிக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே!

சில வருடங்களில் வேறு கல்லூரி மாணவர்களும் டெலவேரின் திட்டத்தில் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள். கிர்க்பிரைட் 1929இலேயே, இளம் வயதில் இறந்துபோனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டெலவேர் அந்தத் திட்டத்தை 1948இல் நிறுத்தியது. அதை ஸ்வீட் பிரையர் என்ற பெண்கள் கல்லூரி எடுத்து நடத்தியது.

ஒரு வருடம், மூன்று கல்லூரி

பெண்கள் கல்லூரிகள் இதில் பின்தங்கவே இல்லை. 1925இலேயே ஸ்மித் கல்லூரி 32 பெண்களைப் பாரிஸுக்கு அனுப்பியது. மகளைத் தனியாகக் கடல்கடந்து அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, கல்லூரியே பொறுப்பு, தங்குவது குடும்பத்தோடு, திரும்பி வந்தால் பட்டம் தள்ளிப்போகாது என்ற மூன்றும் பெரிய உத்தரவாதம்.

ஸ்மித் கல்லூரியின் திட்டத்தில் போனவர்களில் நமக்கெல்லாம் தெரிந்த பெயர், ஜாக்குலின் பூவியே. பின்னாளில் ஜாக்குலின் கென்னடி. 1949இல் போனார். முதலில் கிரெனோபிளில் மொழிப் பயிற்சி, பிறகு பாரிஸ். அவர் தங்கிய வீட்டுக்காரப் பெண்மணி, போரின்போது நாஜி எதிர்ப்பில் இருந்து, வதை முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். போர் முடிந்து நாலு வருடமாகியும் சர்க்கரை, காபி எல்லாம் ரேஷன்தான். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அது வேறு உலகம்.

எனக்கு இதில் பிடித்தது வேறொரு விவரம். ஜாக்குலின் ஸ்மித் கல்லூரி மாணவியே இல்லை. அவர் வாசர் கல்லூரி. திரும்பி வந்த பிறகு வாசருக்கும் போகவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறி 1951இல் பட்டம் வாங்கினார். அதாவது, ஒரு கல்லூரி மாணவி, இன்னொரு கல்லூரியின் திட்டத்தில், வேறொரு நாட்டில் படித்துவிட்டு, மூன்றாவது ஓர் இடத்தில் பட்டம் வாங்க முடிந்திருக்கிறது. அமெரிக்காவில் படிப்பைக் 'கிரெடிட்' என்ற அலகாக வெட்டி வைத்திருந்ததால் இது நடந்தது. பஸ் பாஸ் மாதிரி, ஒரு வண்டியில் ஏறி இன்னொன்றில் இறங்கலாம்.

ஐரோப்பாவில் அப்போது அப்படி இல்லை. அந்த இடத்தில்தான் இந்தக் கதையின் முக்கியமான ஆள் வருகிறார்.

ரோம் நகரத்து மாணவி

சோபியா கொர்ராதி, 1934இல் பிறந்தவர். ரோமின் சபியென்சா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் 1957இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஒரு முதுகலைப் பட்டமே வாங்கிவிட்டார்.

அடுத்த வருடம் ரோமுக்குத் திரும்பியதும், மீதமிருந்த தேர்வுகளில் கொலம்பியாவில் படித்ததைக் கழித்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தார். கிடைத்தது அவமானம். எல்லோர் முன்பும் அவரைக் கண்டித்தார் அந்த அதிகாரி. அமெரிக்காவில் ஊர் சுற்றிவிட்டு வந்து பட்டம் கேட்கிறாயா, போய் ஒழுங்காகப் படி என்கிற தோரணை. கொலம்பியா என்ற பெயரே அங்கே எடுபடவில்லை. மீதித் தேர்வுகளை எழுதித்தான் அவர் பட்டம் வாங்க வேண்டியிருந்தது.

அக்கா மகளின் கதையை இங்கே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அறுபது எழுபது வருட இடைவெளி, வேறு கண்டம். வசனம் மட்டும் மாறவே இல்லை!

கொர்ராதி அதை மறக்கவில்லை. பிறகு இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்புக்கு ஆலோசகரானார். அந்த இடத்திலிருந்து, மாணவர் வெளிநாட்டில் படிக்கும் பகுதியைச் சொந்தப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, திரும்பி வந்ததும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். கூட்டங்களில் பேசினார், ஆட்களைப் பார்த்தார். 1969இல் இத்தாலியில் வந்த பல்கலைக்கழகச் சீர்திருத்த மசோதாவில் அந்தக் கருத்து இடம்பிடித்தது. மசோதா சட்டமாகவில்லை. ஆனால் கருத்து எல்லை தாண்டிவிட்டது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாதம் முக்கியமானது. வெளிநாட்டில் படிப்பது பணக்காரக் குடும்பங்களுக்கு எப்போதுமே முடிந்த காரியம். ஒரு வருடம் வீணானாலும் அவர்கள் தாங்குவார்கள். சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடம் தள்ளிப்போவது என்றால் ஒரு வருடச் சம்பளம், ஒரு வருட வாடகை, ஒரு வருட வட்டி. ஆக, உதவித்தொகை மட்டும் கொடுத்துப் பயனில்லை. படித்தது கணக்கில் வராவிட்டால், கொடுத்த உதவித்தொகை முழுவதையும் அந்த ஒரு வருடம் விழுங்கிவிடும்.

எராஸ்மஸ்

1976இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளும் கூட்டுப் படிப்புத் திட்டங்களுக்குச் சின்ன அளவில் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஆணையத்தில் கல்விப் பிரிவைக் கவனித்த வேல்ஸ்காரர் ஹைவல் செரி ஜோன்ஸ் இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். பத்து வருடம் இப்படிச் சின்னதாகவே ஓடியது.

அதைப் பெரிதாக்கும் யோசனையை ஆணையம் கொண்டுவந்தபோது, உறுப்பு நாடுகள் பணத்தில் கை வைத்தன. வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சியதைப் பார்த்த ஆணையம், 1986 டிசம்பரில் திட்டத்தையே திரும்பப் பெற்றது. இவ்வளவுதான் என்றால் எங்களுக்கு வேண்டாம் என்று. மாணவர் அமைப்புகள் நாட்டுத் தலைவர்களிடம் போய்ப் பேசின. பிரான்ஸ் அதிபர் மித்தரானிடம் நேரில் வாதாடிய பிராங்க் பியான்சேரி என்ற மாணவர் தலைவரை இதில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1987 ஜூன் 15 அன்று திட்டம் நிறைவேறியது. மூன்று வருடத்துக்கு 8.5 கோடி எக்யூ. யூரோவுக்கு முன்பிருந்த கணக்கு நாணயம் அது.

பெயர் எராஸ்மஸ். நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்றின் எழுத்துகளைச் சேர்த்து வருவது. ஆனால் அறிஞர் எராஸ்மஸை மனத்தில் வைத்துத்தான் அந்த நீளப் பெயரையே அமைத்தார்கள். ராட்டர்டாமில் பிறந்து, பாரிஸில் படித்து, 1506இல் இத்தாலியின் தூரினில் முனைவர் பட்டம் வாங்கி, கேம்பிரிட்ஜில் கற்பித்து, பாசலில் இறந்தவர். பொருத்தமான ஆள்தான்.

முதல் வருடத்தில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இன்று, மாணவர்கள், பயிற்சியாளர்கள், ஆசிரியர்கள் எல்லோரையும் சேர்த்தால் ஒன்றரைக் கோடிக்கு மேல். சோபியா கொர்ராதிக்கு 'எராஸ்மஸின் அம்மா' என்று பெயர் வந்தது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

பணம் வந்துவிட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு என்ன சொல்வது? இரண்டு நாட்டுப் பாடத்திட்டம் ஒரே மாதிரி இருக்கவே இருக்காது. பெயரைப் பெயரோடு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது.

இதற்கு 1989இல் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். வணிக நிர்வாகம், வேதியியல், வரலாறு, இயந்திரப் பொறியியல், மருத்துவம் என்று ஐந்து துறைகள், 145 கல்வி நிறுவனங்கள். கணக்கு எளிமையானது: ஒரு முழு வருடப் படிப்பு என்றால், எந்த நாடாக இருந்தாலும் 60 கிரெடிட். அப்படியென்றால் ஒரு செமஸ்டருக்கு 30. வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 25லிருந்து 30 மணி நேர உழைப்பு என்று பின்னாளில் வரையறுத்தார்கள். என்ன பெயரில் படித்தாய் என்பதைவிட எவ்வளவு படித்தாய், என்ன கற்றாய் என்பதே கேள்வி.

கூடவே ஒரு காகிதம்: கற்றல் ஒப்பந்தம். இன்னின்ன பாடம் அங்கே படிப்பேன், அது இங்கே இன்னின்ன பாடத்துக்கு ஈடாகும் என்று எழுதி, மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கிளம்புவதற்கு முன்னாலேயே. துறைத்தலைவர் மாறினாலும் கையெழுத்து மாறாது.

1997இல் வந்த லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. அதுவரை, 'நான் அங்கே படித்தது உங்கள் படிப்புக்குச் சமம்' என்று மாணவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. உடன்படிக்கை அதைத் திருப்பிப் போட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கிறது என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஏற்றுக்கொள்ள வேண்டும். விளக்கம் சொல்லும் கடமை ஜன்னலுக்கு வெளியே நிற்பவரிடமிருந்து உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மாறியது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சுருங்கிய காலம்

டெலவேர் மாணவர்கள் போனது ஒரு வருடத்துக்கு. எராஸ்மஸ் தொடங்கியபோது குறைந்தது மூன்று மாதம். இன்று அமெரிக்காவிலிருந்து படிக்கப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எட்டு வாரம், அதற்கும் குறைவான படிப்புகளுக்குத்தான் போகிறார்கள். எராஸ்மஸே 2021 முதல், 5 நாளிலிருந்து 30 நாள் வரை நேரில் படித்து மீதியை இணையம் வழியாகப் படிக்கும் குறுகிய திட்டங்களை அனுமதிக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், குழந்தை உள்ளவர், வீட்டை விட்டு ரொம்ப நாள் இருக்க முடியாதவர் எல்லோருக்கும் இது ஒரு வழி.

பத்து நாளில் என்ன படித்துவிட முடியும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் திட்டத்திலும் குறைந்தது 3 கிரெடிட் தர வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன கணக்குப்படி அது 75 மணி நேர உழைப்பாவது ஆகும். சுற்றுலாவுக்கும் படிப்புக்கும் நடுவே இந்த விதி கோடு போட்டு வைத்திருக்கு.

இந்தியாவிலும் கதவு மெல்லத் திறக்கிறது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கியைக் கொண்டுவந்தது. 2022 விதிகள், இரட்டை ஏற்பாட்டுப் படிப்புகளில் மொத்தக் கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துச் சேர்க்கலாம் என்கின்றன. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு ஒரு வருடப் படிப்புக்கு 40 கிரெடிட் என்று வைத்திருக்கிறது. அங்கே 60, இங்கே 40. ஒன்றரைக்கு ஒன்று என்று கணக்குப் போடத் தெரிந்தால் போதும். ஆனால் விதி டெல்லியில் இருக்கு, ஜன்னல் கல்லூரியில் இருக்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை இன்னும் பிள்ளைகள்தான் நடந்து கடக்கிறார்கள்.

இப்போது அக்கா மகள் வேலையில் இருக்கிறாள். அவளுடைய ஜூனியர்கள் யாராவது வெளிநாட்டு செமஸ்டர் பற்றிக் கேட்டால், ஊரைப் பற்றியோ குளிரைப் பற்றியோ முதலில் பேசுவதில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போடச் சொல்கிறாள். இடப்பக்கம் அங்கே படிக்கப்போகும் பாடங்கள், வலப்பக்கம் அதற்கு ஈடாக இங்கே எந்தப் பாடம். கீழே துறைத்தலைவர் கையெழுத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்து, தேதி, முத்திரை. "இதை வாங்கிட்டு அப்புறம் விசாவுக்குப் போ" என்கிறாள்.

கொர்ராதியைப் பற்றி அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் குறிப்புகளை எழுதும்போதுதான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த அம்மாவுக்கும் திரும்ப எழுத வச்சாங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

வச்சாங்க. அதனால்தான் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் எழுத வேண்டியிராமல் போச்சு.